முட்டை அறுத்த பட்டு நூல்

என் சமையலறை ஜன்னல் சட்டத்தில் ஓர் ஆணி இருக்கிறது. இப்போது அதில் ஒன்றும் தொங்கவில்லை. சில வருடங்களுக்கு முன்புவரை ஒரு முழ நீளத்துக்கு அரக்கு நிறப் பட்டு நூல் அதில் மாட்டியிருக்கும். பிள்ளையார்பாளையத்தில் நூலுக்கா பஞ்சம்? பக்கத்துப் போர்ஷனில் தறி போட்டிருக்கும் வீட்டு ஓனரிடம் மிச்சத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன், முட்டை அறுப்பதற்கு. வெந்த முட்டையைக் கத்தியால் வெட்டினால் மஞ்சள் கரு பாதி கத்தியோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். நூலை நடுவில் சுற்றி இரண்டு முனையையும் இழுத்துப் பாருங்கள், முட்டை சத்தமில்லாமல் இரண்டாகப் பிளந்துவிடும். ஒரு பொட்டு மஞ்சள்கூடச் சிந்தாது. அந்த ஒரு பொட்டும் வீணாகக் கூடாது என்கிற பிடிவாதம் அந்த நாட்களில் எங்கள் வீட்டில் இருந்தது.

அந்த நூலை நினைத்தால் எனக்கு நினைவுக்கு வருபவர், முட்டையைக் கண்ணால் பார்ப்பதையே தவிர்த்த ஒரு மனிதர். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பெருமாள் கோயிலின் மடைப்பள்ளியில் தளிகை, அதாவது பெருமாளுக்குச் சமையல், செய்துகொண்டிருந்தார். மூங்கில் குடலையில் வேகவைக்கிற கோயில் இட்லி அவர் கைப்பக்குவத்தில் பேர் போனது. பக்கத்தில் வந்து நின்றால் சுக்கும் மிளகும் மணக்கும். நான் அவரைச் சாமி என்று கூப்பிடுவேன். அவர் மனைவி என்னைவிட ரொம்ப வயது குறைந்தவள், ஆனாலும் எனக்கு அவள் மாமிதான். இந்த ஊரில் கூப்பிடுகிற முறைக்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் இருவரும் அத்தை மகன், மாமன் மகள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். காலையில் ஒரு கிளினிக்கில் வேலை, மாலையில் வீட்டு முன்னறையில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பயிற்சி. கூரம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்களின் பெண் நான். ஞாயிற்றுக்கிழமையானால் தேவாலயம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டு வாசற்படி ஏறுவதற்கு அந்தக் குடும்பம் எதையெல்லாம் தாண்டி வரவேண்டியிருந்தது என்று உங்களுக்குத் தெரியவேண்டும். எனக்கும் அது நன்றாகத் தெரிந்துதான் இருந்தது.

பாப்பாவுக்கு அப்போது மூன்று வயது. பார்த்தால் ஒரு வயதுப் பிள்ளை மாதிரி இருப்பாள். தலை சின்னது, இமை கொஞ்சம் சரிந்தது, காலில் இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் ஒட்டியிருந்தன. உட்காரவே சிரமப்பட்டாள். ஆனால் பெற்றவர்களை உடைத்துப் போட்டது இவை எதுவும் இல்லை. அவளைத் தொட முடியாது. யார் கை பட்டாலும் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அலறுவாள். மாமி ஒருத்தி மட்டும், நைந்துபோன ஒரே ஒரு பருத்திப் புடவையில் சுற்றித்தான் அவளைத் தூக்க முடியும். அப்பாவோ பிறந்ததிலிருந்து அவளை ஒரு தரம்கூட அழாமல் மடியில் வைத்துக்கொண்டதில்லை. அழுதால் கொஞ்ச முடியாத குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு வீடு என்னதான் செய்யும்?

பரிசோதனைக்குச் சென்னை போய் வந்தார்கள். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகவும் குறைவு என்று முடிவு வந்தது. உடம்பு கொலஸ்ட்ராலைப் படிப்படியாகத் தயாரிக்கிறது. இவளுக்குக் கடைசிப் படியில் வேலை செய்யவேண்டிய நொதி ஒன்று பிறவியிலேயே பழுது. காகிதத்தைப் பார்த்துவிட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊரெல்லாம் கொலஸ்ட்ரால் ஏறிப்போச்சு என்று மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிறது. என் வீட்டுக்காரருக்கே அந்த மாதம்தான் டாக்டர் முட்டை மஞ்சளைத் தொடாதே என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதே பொருள் போதாமல் இங்கே ஒரு குழந்தை துடித்துக்கொண்டிருந்தது.

“கொழுப்புக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்கோ” என்று சாமி கேட்டார். வாசற்படிக்கு வெளியே நின்றபடியேதான் கேட்டார். எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். ஒவ்வொரு நரம்பணுவையும் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது, அது பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. கொலஸ்ட்ரால் அந்தச் சவ்வுக்குள் இடையிடையே புகுந்து உட்கார்ந்துகொண்டு, அது ரொம்ப இளகிப் போகாமலும் ரொம்ப விறைத்துப் போகாமலும் பார்த்துக்கொள்கிறது. ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்வதும், இது அம்மா கை, பயப்படாதே என்று தோல் மூளைக்குச் சொல்வதும் அந்தச் சவ்வு பதமாக இருந்தால்தான் ஒழுங்காக நடக்கும். நரம்பின் நீள இழையைச் சுற்றியிருக்கும் உறையிலும் அதுவே ஏராளம். உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் கிட்டத்தட்ட கால் பங்கு மூளையில்தான் இருக்கிறது. இவ்வளவையும் கேட்டுவிட்டு அவர், “வெண்பொங்கல்ல நெய் மாதிரின்னு சொல்லுங்கோ. இல்லேன்னா கட்டி தட்டிடும், ஜாஸ்தியானா வழிஞ்சு ஓடிடும்” என்றார். நான் அசந்துபோய் ஆமாம் என்று தலையாட்டினேன். ஆட்டியிருக்க வேண்டாம்.

ஏனென்றால் அன்றைக்கே அவர் வீட்டில் நெய்க்காலம் ஆரம்பித்துவிட்டது. நெய்யிலும் கொலஸ்ட்ரால் உண்டு, பொய்யில்லை. ஆனால் இந்தக் குழந்தைக்கு வேண்டிய அளவை நெய்யிலேயே கொடுப்பதென்றால் கரண்டி கரண்டியாக ஊற்றவேண்டும். பெருமாளுக்குக் கை நிறைய நெய் வார்த்துப் பழகிய மனிதருக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. பருப்பில் நெய், பாலில் நெய், ரசத்தின் மேல் மிதக்கும் நெய். ஒரே வாரத்தில் பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு பிடித்து, இருந்த எடையும் இறங்கிவிட்டது. சென்னை டாக்டர் கோபமாகவே சொல்லி அனுப்பினார்: இத்தனை நெய் இவள் குடலுக்குத் தாங்காது, பொடியாக ஒரு மருந்து உண்டு, அது இங்கே கிடைப்பது கஷ்டம், அதனால் நன்றாக வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு, தினமும்.

மாமி அதை என்னிடம் சொன்னபோது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டுதான் சொன்னாள். அவர்கள் குடியிருந்தது கோயில்காரர்கள் தெரு. அவர் கையால் செய்த தளிகைதான் பெருமாளுக்கு. அந்த வீட்டு அடுப்பில் முட்டை கொதிக்க வைக்க முடியுமா? சாமி வாசலில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. “சாமி, தினமும் இங்க இட்டுக்கினு வாங்க. எப்படியும் பயிற்சிக்கு வரணும் இல்ல? நான் வேகவெச்சு ஊட்டி அனுப்பறேன். உங்க வீட்டுக்குள்ள ஒண்ணும் நுழையாது” என்றேன். தரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் சொன்னார்: “குடுங்கோ. நான் பார்க்க மாட்டேன். குடுத்தப்புறம் நான் கோயிலுக்குப் போய்த் தீர்த்தமாடிட்டு, யார் மேலயும் படாம மடியா தளிகை பண்ணப் போகணும். அதனால அவளைத் தொடவும் மாட்டேன். நீங்க தப்பா எடுத்துக்கப்படாது.”

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். எப்படி எடுத்துக்கொள்ளாமல் இருப்பது? தொடமாட்டேன் என்ற வார்த்தையைக் கேட்டே வளர்ந்த பரம்பரை எங்களுடையது. பெற்ற பிள்ளையையே ஒரு மஞ்சள் கருவுக்காகத் தள்ளி வைக்கிறாரே இந்த மனிதர் என்று வயிறு எரிந்தது. அன்று அவர் போன பிறகு பாத்திரங்களை நான் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன். அந்தக் கோபம் நியாயமில்லை என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

அப்படியே ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. மூன்று பேரும் ஒரே மொபெட்டில் வருவார்கள். மாமி பாப்பாவைப் புடவையில் சுற்றி உள்ளே தூக்கி வருவாள். சாமி எதிர்சாரியில் இருந்த வேப்பமரத்தடிக்குப் போய், எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். நான் நூலால் முட்டையை அறுத்து, மஞ்சளை எடுத்து, வெதுவெதுப்பான பாலில் குழைப்பேன். வெள்ளை என் வீட்டுக்காரர் தட்டுக்குப் போகும். “மஞ்ச பாப்பாவுக்கு, வெறும் வெள்ள எனக்கா? நல்லா இருக்குதுமா உன் நியாயம்” என்று தினமும் முனகுவார். முனகிவிட்டு, முட்டை வாங்கி வரும்போது பெரிய முட்டையாகப் பொறுக்கி எடுத்து வருபவரும் அவர்தான். பாப்பா முதலில் எல்லாவற்றையும் துப்பினாள். பிறகு பாதியைத் துப்பினாள். பிறகு ஸ்பூன் வருவதற்கு முன்பே வாயைத் திறக்க ஆரம்பித்தாள். ஊட்டி முடித்து வாயைத் துடைத்து மாமி ஷேர் ஆட்டோவில் கிளம்பிய பிறகுதான் மரத்தடியில் மொபெட் கிளம்பும் சத்தம் கேட்கும்.

மெல்ல எடை ஏறியது. அடிக்கடி வந்த சளிக்காய்ச்சல் குறைந்தது. தூங்கத் தொடங்கினாள். அந்த வீட்டில் எல்லாருமே தூங்கத் தொடங்கினார்கள் என்று சொல்லவேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டே நகரவும் பழகினாள். எல்லாம் முட்டையால்தான் என்று நான் சொல்லமாட்டேன். பயிற்சியும் இருந்தது, வயதும் கூடியது. டாக்டரும் இதில் எது எதனால் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றுதான் சொன்னார். ஆனால் தொட்டால் அலறுவது மட்டும் அப்படியே இருந்தது.

ஒருநாள் மாமி உள்ளே துணி மாற்றிக்கொண்டிருந்தபோது சாமி படியருகே வந்து கேட்டார்: “இந்தக் குடுக்கறதெல்லாம் மூளைக்குப் போறதோ?” பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. இல்லை சாமி என்றேன். ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ரால் மூளைக்குள் நுழைய முடியாது, இடையில் ஒரு தடுப்பு இருக்கிறது. மூளை தனக்கு வேண்டியதைத் தானேதான் தயாரித்துக்கொள்ள வேண்டும், அவளுக்கு அங்கேயும் அதே பழுதுதான். நாம் கொடுப்பது உடம்புக்கு, மற்ற நரம்புகளுக்கு, மற்ற எல்லாவற்றுக்கும். மூளைக்கு என்று சொல்ல முடியாது. சொல்லிவிட்டு, நாளையிலிருந்து இவர்கள் வரமாட்டார்கள் என்று நான் தீர்மானித்துக்கொண்டேன். இவ்வளவு ஆசாரத்தை மீறி, அதுவும் போய்ச் சேராத இடத்துக்காக யார் வருவார்கள்?

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் தளிகை பண்றேன். கொண்டுபோய் வாசல்ல வெக்கறதோட என் வேலை சரி. உள்ளே போய்ப் பெருமாளை அமுது செய்யப் பண்றவா வேற. அப்போ திரை போட்டுடுவா. அந்தப் பக்கம் என்ன நடக்கறதுன்னு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதுக்காகப் பொங்கல் வெக்காம இருந்தேனா?” என்று சொல்லிவிட்டு மரத்தடிக்குப் போனார். மறுநாளும் வந்தார்கள்.

அவர்மேல் எனக்கிருந்த கோபம் அன்று பாதி குறைந்தது. மீதி குறைந்தது இன்னொரு நாள். மாமியிடம் நான் கொஞ்சம் குத்தலாகவே, “உங்க வீட்டுச் சாமிக்குப் பொண்ணத் தொட்டா மடி போயிடும், அவருக்கென்ன, நிம்மதி” என்று சொல்லிவிட்டேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. “நிம்மதிதான். மடின்னு ஒண்ணு இருக்கறதால ஆத்துல கேக்கறவாளுக்குச் சொல்லிக்கலாம், அதனாலதான் தூக்கலைன்னு. பொறந்த அன்னிலேர்ந்து இவர் கை பட்டாலே கத்தறாளே, அதை எப்படிச் சொல்லிக்கறது? தூங்கினப்புறம் வந்து பாயோரமா உக்காந்துண்டு இருப்பார். போர்வை நுனியை மட்டும் பிடிச்சுண்டு” என்றாள். அந்த ஆளுக்கு மடி ஒரு மறைப்பாக இருந்திருக்கிறது. பெற்ற பெண் தன்னை வேண்டாம் என்கிறாள் என்பதைவிட, பெருமாள் தொடக்கூடாது என்கிறார் என்று நினைத்துக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

வைகாசி உற்சவம் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மாலை. கோயிலில் தளிகை வேலை இரட்டிப்பு, சீக்கிரம் போகவேண்டும் என்று சாமி வரும்போதே சொன்னார். பாப்பாவின் கைக்கு எதையாவது தொடப் பழக்கவேண்டும் என்று நான் அப்போது ஒரு வேலை செய்துகொண்டிருந்தேன். மஞ்சள் கருவில் கொஞ்சத்தைப் பாலில் குழைக்காமல் ஒரு தட்டில் உதிர்த்து அவள் முன்னால் வைத்துவிடுவேன். அவள் விரலால் அளைவாள், நக்குவாள். அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று காற்று சுழற்றி அடித்துக் கோடைமழை கொட்டியது. மரத்தடியில் நின்ற மனிதருக்கு ஒதுங்க வேறு இடமில்லை, ஓடிவந்து எங்கள் வாசற்படியில் ஏறினார். ஏறிய பிறகும் உள்ளே பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு, முதுகு எங்களுக்கு, கை இரண்டும் பின்னால் கட்டியபடி நின்றார். “மழை விட்டா கிளம்பிடுவேன்” என்று வெளியே பார்த்தே சொன்னார்.

அந்தக் குரல் கேட்டதும் பாப்பா தலையைத் தூக்கினாள். தட்டை விட்டாள். இடுப்பைத் தேய்த்துத் தேய்த்து வாசலை நோக்கி நகர்ந்தாள். மாமியும் நானும் ஏதோ மழையைப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்தோம். நிலைப்படிக்கு வந்து கையை உயர்த்தி, பின்னால் கட்டியிருந்த அந்தக் கையில் இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டாள். விரலெல்லாம் மஞ்சள் கரு.

அவர் உடம்பு அப்படியே நின்றுபோனது. திரும்பவில்லை. மாமிதான் பதறிப்போய், “ஐயோ, கையெல்லாம் முட்டை, பாத்துக்கோங்கோ” என்று குழந்தையை எடுக்கக் குனிந்தாள். “விடு” என்றார் அவர். “விடு. எடுக்காதே அவளை.” பிறகு மெல்ல, விரலை அசைக்காமல், அப்படியே திரும்பி என் வாசற்படியில் உட்கார்ந்தார். பாப்பா அவர் விரலை முகத்துக்குப் பக்கத்தில் இழுத்து மோந்து பார்த்தாள். சுக்கு மணம் பிடித்திருக்கவேண்டும். அழவில்லை. விரலைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தாள். அந்த மனிதர் அழுத அழுகைக்குச் சத்தமே இல்லை. நான் சமையலறைக்குப் போய்விட்டேன், என் முகம் எனக்குக் கட்டுப்படவில்லை.

மழை விட்டது. மாமியின் போன் அடித்தது. கோயிலிலிருந்து. எங்கே இருக்கிறார், அடுப்பு மூட்டியாச்சு என்கிறார்கள். மாமி போனைக் கையால் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தாள். “நாழியாகும்னு சொல்லு. அவாளைப் பாத்துக்கச் சொல்லு” என்றார். உற்சவ வேலை ஆச்சே என்று அவள் தயங்கினாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: “பெருமாள் தினம் அமுது செய்யறார். இவ இன்னிக்குத்தான் என்னைத் தொட்டா.”

பாப்பாவாக விடும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு கோயிலுக்குத்தான் போனார், குளித்துத்தான் போயிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கையை அவர் எங்கள் எதிரில் துடைக்கவில்லை. மொபெட்டை உதைத்துக் கிளப்பியபோதும் அந்த இரண்டு விரலை மட்டும் ஹேண்டில்பாரில் படாமல் நிமிர்த்தி வைத்திருந்தார்.

அடுத்த வருடம் பாப்பாவின் பயிற்சிப் பள்ளிக்காகக் குடும்பம் சென்னைக்குப் போக முடிவாயிற்று. அங்கே ஒரு சின்னக் கோயிலில் தளிகை வேலை கிடைத்திருந்தது. சொல்லிக்கொள்ள வந்த அன்று சாமி முதல்முறையாக எங்கள் முன்னறையைத் தாண்டி, சமையலறை வாசல்வரை வந்து நின்றார். நான் திடுக்கிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்து, “அந்த நூலைக் குடுப்பேளா? அங்கே பின்கட்டு பால்கனியில தனி அடுப்பு வெச்சுக்கலாம்னு இருக்கேன். நானே பண்ணிடலாம்னு” என்றார். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. “சாமி, அது முட்டை அறுத்த நூலு. அதுவும் எங்க வீட்டு ஆணியில தொங்கினது” என்றேன்.

“அது பட்டு. பட்டுக்கு விழுப்பு கிடையாதும்மா. எது பட்டாலும் யார் தொட்டாலும் தீட்டு ஒட்டாது, மடிதான்” என்றார். அவர்கள் வழக்கத்தில் அப்படித்தான். பருத்தி வேட்டியானால் துவைத்து உலர்த்தவேண்டும், பட்டுக்கு அது வேண்டாம்.

“அப்போ மனுஷங்களையும் பட்டுலயே பண்ணியிருக்கலாம்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “ஆமாம், பண்ணியிருக்கலாம்” என்றார். நான் நூலை எடுத்து, கை படாமலிருக்க வழக்கமாகச் செய்வதுபோல் மேலிருந்து போடாமல், அவர் உள்ளங்கையில் வைத்தேன். என் விரல் பட்டது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

போன வாரம் மாமி போன் செய்தாள். பாப்பா இன்னும் பேசவில்லை, பேசுவாள் என்று யாரும் நம்பிக்கை கொடுக்கவும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாளாம். மற்றவர்கள் தொட்டால் இப்போதும் அழுகைதான். “காலம்பர எழுந்து குளிக்கறதுக்கு முன்னாடி முட்டையை வேக வெச்சுடறார். உங்க நூலாலதான் அறுக்கறார். நான் ஊட்டப் போனா என் கையைத் தட்டி விட்டுடறா. அவர் கையாலதான் வேணுமாம் அவளுக்கு. பெத்தவ நான் எதுக்கு இருக்கேன், சொல்லுங்கோ” என்று குறைபட்டுக்கொண்டாள். அந்தக் குறையில் இருந்த பெருமையை நான் என்னவென்று சொல்வது.

எங்கள் வீட்டில் மஞ்சளை இப்போது நான் சாப்பிடுகிறேன், வெள்ளை என் வீட்டுக்காரருக்கு. கத்தியால் வெட்டுவதால் உதிர்ந்து தட்டெல்லாம் ஆகிறது. “பக்கத்துல இவ்ளோ நூல் இருக்குது, ஒண்ணு வாங்கி மாட்டக் கூடாதா” என்கிறார் அவர். மாட்டலாம்தான். அந்த ஆணியைப் பார்க்கும்போதெல்லாம் சென்னையில் ஒரு பால்கனியில் அந்த நூல் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று ஞாபகம் வருகிறது. அதனால் இன்னும் வாங்கவில்லை.